சூரியனைக் கேட்கும் வாய்

மன இருளுக்கு வான் இருளை உவமையாக்குவது இலக்கியத்தில் பழகிப்போன வழக்கு. உவமை பழகப் பழக, வான் இருளே மனிதனை நோயாளியாக்க வல்லது என்ற உண்மை மறைந்துவிடுகிறது. இப்ஸனின் ‘பேய்கள்’ (1881) நாடகம் பற்றிய விளக்கங்கள் பலவற்றில் நாம் காணும் குறை இதுவே.

நோர்வேயின் மேற்குக் கரையில், ஓயாத மழைக்குள் நிற்கிறது ஒரு செல்வர் வீடு. பாரிஸிலிருந்து திரும்பிய ஓவியன் ஒஸ்வால்ட், வெயில் காணாத இவ்விடத்தில் தன்னால் வேலை செய்ய முடியவில்லை என்று குமைகிறான். இறுதியில் அறிவு மங்கிய நிலையில் தாயிடம் சூரியனையே கேட்கிறான். அவனது நோய் தந்தைவழி வந்தது. சூரியனோ பொய்யற்ற வாழ்வின் குறியீடு. இவ்வாறு விளக்கி அமைகின்றனர் விமர்சகர். விளக்கம் பிழையன்று, ஆனால் போதாது. நீண்ட குளிர்காலத்தை அறிந்த வடபுலத்தானுக்கு அவ்வேண்டுகோள் குறியீடு ஆகுமுன்னரே உடலின் பசி.

விஞ்ஞானம் அப்பசியைப் பிற்காலத்திலேயே நோயென இனங்கண்டது. 1984இல் நோர்மன் றோசென்தாலும் சகாக்களும் பருவகால மனச்சோர்வை வரையறுத்து எழுதினர். காலை ஒளி குறைய, உடலின் உள்மணிக்கூடு பின்தங்குகிறது என்பது விளக்கங்களுள் முக்கியமானது. உறக்கம் மிகும், மாப்பொருள் உணவில் வேட்கை எழும், செயலூக்கம் குன்றும். காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் ஒளியின் முன் அமர்வது பலருக்குப் பயன் தருகிறது. இதனைச் சோம்பல் என்று பழிப்போர் இவ்வுண்மைகளை அறிதல் வேண்டும்.

ஆயின் ஒளி யாருக்குக் கிடைக்கிறது? நோர்வேயின் றியூக்கான், நீர்வீழ்ச்சியின் மின்வலுவால் உரம் செய்வதற்கு நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய தொழிலாளர் நகரம். ஆழ்ந்த பள்ளத்தாக்கில் கிடப்பதால், ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் அங்கு நேர்வெயில் விழாது. அருவி இருந்த இடத்தில் ஆலை எழுந்தது. ஆலை எழுந்த இடத்தில் மனிதர் குடியேறினர். 1928இல் மக்கள் மலையேறி வெயில் காண்பதற்கென அந்நிறுவனமே கம்பிவட ஊர்தி அமைத்துக் கொடுத்தது. 2013இல் மலைச்சரிவில் மூன்று பெருங்கண்ணாடிகள் நிறுவப்பட்டு, நகரச் சதுக்கத்தின் ஒரு பகுதியில் வெயில் விழச் செய்யப்பட்டது. வெயிலும் பங்கிடப்படும் பொருளே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இவ்வறிவோடு நாடகத்தை மீண்டும் நோக்குவோம். வேலைக்காரி ரெஜீனாவும் தச்சன் எங்ஸ்ட்ராண்டும் அதே மழைக்குள்தான் வாழ்கின்றனர். ஆயினும் சூரியனைக் கேட்கும் வாயை இப்ஸன் ஓவியனுக்கே அளித்தார். செல்வர் வீட்டின் பொய்யை உடைத்த அவரது துணிவை நாம் போற்றுகிறோம். அவ்வீட்டின் சமையற்கட்டு இருளை அவர் அளக்கவில்லை என்பதையும் கூறியாக வேண்டும்.

விடியுமுன் ஆலைக்குள் புகுந்து இருண்டபின் வெளிவரும் தொழிலாளிக்கு, வேலைநேரம் பற்றிய கேள்வியே ஒளி பற்றிய கேள்வியும் ஆகும். மனச்சோர்வைத் தனிமனித ஆன்மாவின் துயராக மட்டும் பாடும் எழுத்து, அக்கேள்வியைக் கேட்கும்வரை பாதி உண்மையையே சொல்லும்.