நாட்டுவளம் யார் பாடுவது?

கொத்தமங்கலத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இவ்வளவு பெரிய வீடுகளை யார் கட்டினார்கள்? நல்ல கேள்வி. நகரத்தார் கட்டினார்கள் என்று பதில் வருகிறது. கட்டச் சொன்னவரும் கட்டினவரும் ஒரே ஆளாகிவிடுகிற இந்த வாக்கியம் தமிழில் யாருக்கும் உறுத்துவதில்லை. (ராஜராஜன் தஞ்சாவூர்க் கோயிலைக் கட்டினதும் இப்படித்தான்.)

செட்டிநாட்டை வெளியாருக்கு அறிமுகப்படுத்தும் எழுத்து இன்று ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. வழவழத் தாளில் படப்புத்தகங்கள், சுற்றுலாக் கையேடுகள், 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 'தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்புகள்' என்று ஏறிய விவரக் குறிப்பு வரை. எதை எடுத்தாலும் ஒரே பாதை. முகப்பில் ஏறி, வளவைக் கடந்து, இரண்டாம் கட்டு பார்த்து, பின்கட்டு அடுப்படியில் முடிகிறது. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல். பின்வாசலுக்கு அந்தப்பக்கம் பிரதி நின்றுவிடுகிறது. அங்கே ஊர் இல்லை போல!

இவை பொய் என்று நான் சொல்லவில்லை. கூரையில் விழுகிற மழை முற்றத்தில் இறங்கி, தெரு வாய்க்காலில் ஓடி ஊரணி சேர்கிற ஏற்பாடு பெரிய அறிவுதான். வானம் பார்த்த பூமியில் தண்ணியை இப்படிக் கட்டிக் காத்த ஊர் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் ஊரணியில் மண் வெட்டிச் சுமந்தவன் யார், வெட்டி முடிந்த பிறகு அதில் குடம் முக்க யாருக்கு உரிமை இருந்தது என்ற இரண்டு கேள்விகளை எந்தக் கையேடும் கேட்பதில்லை. தண்ணீர் மேலாண்மை என்று எழுதிவிட்டால் சாதி கரைந்துவிடுமா?

சொந்த நாட்டைப் புகழ்ந்து அறிமுகம் செய்வது தமிழுக்குப் பழைய வேலை. எம்.ஏ. வகுப்பில் முக்கூடற்பள்ளு படித்தோம். மூத்த பள்ளி ஒரு நாட்டைப் பாடுவாள், இளைய பள்ளி இன்னொரு நாட்டைப் பாடுவாள். நெல் வகை, மாட்டு வகை, மீன் வகை என்று பட்டியல் நீளும். நிலமோ பண்ணைக்காரன் கையில். கொஞ்சம் தள்ளி அதே பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டுகிறான், மூத்தவள் கெஞ்சி விடுவிக்கிறாள். பாடம் நடத்தியவர் நெல் வகைக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். தொழுமரத்தை நகைச்சுவை என்று சொல்லிக் கால் மணி நேரத்தில் தாண்டினார். பள்ளு நம்ம இலக்கியம் என்று சிலர் கொண்டாடுவதை நான் ஏற்கமாட்டேன். நம் வாயைக் கடன் வாங்கி நிலக்காரன் நாட்டைப் பாடிக்கொண்ட இலக்கியம் அது. இன்று விருந்தினர் விடுதிகளில் வரவேற்று வீட்டைச் சுற்றிக் காட்டச் சம்பளத்துக்கு நிற்கும் நம்ம பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குப் பள்ளுதான் ஞாபகம் வருகிறது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வயிற்றுப்பாடு.

அந்தத் தேக்குக்குப் பின்னாலும் ஒரு நாடு இருக்கிறது. 1930இல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு போல. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறி, 1938 வாக்கில் அது ஏறக்குறைய கால் பங்கு ஆனது. கையேட்டில் இது 'கடல் கடந்த வணிகம்' என்ற மூன்று சொல்லில் அடங்கிவிடும்.

அதே 1930 டிசம்பரில், அதே ராமநாதபுரம் ஜில்லாவில், கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழ் துணி இறங்கக்கூடாது, சட்டை கூடாது, முடி கத்தரிக்கக்கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் மேலாடை போர்த்தக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடையும் செருப்பும் கூடாது. 1931இல் இன்னும் பதினொன்று சேர்ந்தன. ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இதைப் பதிந்திருக்கிறார். தடை போட்டவர்கள் நாட்டார்கள், செட்டியார்கள் அல்ல. அதைச் சரியாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பெரிய வீட்டு அறைகளில் பித்தளையும் வெள்ளியும் எனாமலும் சீர்வரிசையாக அடுக்கப்பட்ட அதே காலத்தில், பக்கத்திலேயே ஒரு சனம் மண்சட்டியை விட்டதற்காக அடிபட்டது. இன்று அந்தப் பாத்திரங்களைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் வெளிநாட்டுக்காரர்கள் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள். உடைந்த மண்சட்டியை எந்தக் கடையிலும் வைக்கமாட்டார்கள்.

'நாடு' என்கிற சொல்லுக்கு எங்கள் பக்கம் இரண்டாவது அர்த்தம் ஒன்று உண்டு என்பதும் வெளியாருக்குத் தெரியாது. தேவகோட்டை பக்கத்தில் கண்டதேவி. அங்கே ஆனித் தேரின் வடம் நாலு நாட்டாருடையது. தலித்துகள் வடம் தொட உரிமை கேட்டதும் 1998இல் தேர் நின்றது. உயர்நீதிமன்றம் வரை போய், 2005இல் போலீஸ் பொறுக்கியெடுத்த கொஞ்சம் பேர் வடம் பிடித்தார்கள். பிறகு தேர் பழுது என்று வருடக்கணக்கில் ஓடவில்லை. 2024 ஜூனில் போலீஸ் காவலோடு மறுபடி ஓடியது. திருவிழாக்களைப் பட்டியல் போடும் எந்தக் கையேட்டிலும் இந்தத் தேரை நான் பார்த்ததில்லை.

1992இல் வந்த 'கருக்கு'ம் ஊர் அறிமுகத்தோடுதான் தொடங்கும். மலையும் கண்மாயும் அழகாக வரும். அப்படியே எந்தச் சாதிக்கு எந்தத் தெரு என்பதும் வரும். அழகைச் சொல்வதற்கும் தெருவைச் சொல்வதற்கும் நடுவே பாமாவுக்கு மூச்சு மாறுவதில்லை. செட்டிநாட்டுக்கு அப்படி ஒரு புத்தகம் எனக்குத் தெரிந்து இன்னும் வரவில்லை. வராததற்கு நானும் பொறுப்பு. பதினைந்து வருஷமாக மறுப்புகளையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் சென்னையிலிருந்து கட்டடக்கலை படிக்கிற இரண்டு மாணவிகள் வந்தார்கள். பூச்சு பற்றி ஆராய்கிறார்களாம். சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயசில் மராமத்து வேலைக்குக் காரை சுமந்த அப்பத்தா ஒருத்தி இருக்கிறாள். கடுக்காய் எத்தனை நாள் ஊறணும், விரலால் தொட்டால் காரை எப்படி இழுக்கணும் என்று ஒரு மணி நேரம் சொன்னாள். அவர்கள் புத்தகத்தில் அதெல்லாம் இல்லை.

எழுந்திருக்கும்போது அப்பத்தா கேட்டாள்: "ஏத்தா, நீங்க உள்ள போயிப் பாத்தீகள்ல? மழை பெஞ்சா அந்த முத்தத்துல தண்ணி விழுகிற சத்தம் எப்படி இருக்கும்? நாங்க காரை காயிற கோடையில மட்டுந்தேன் உள்ள போனது. பெறகு விடமாட்டாக."

அது சித்திரை மாதம். அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியவில்லை.