ஆலைச் சங்கும் அறிவிப்பாளர் வரிசையும்

அல்லிநகரத்துப் பெரியவர் ஒருவரிடம், இன்று இடமே அடையாளம் தெரியாமற் போய்விட்ட ஒரு பஞ்சு அரவை ஆலையைப் பற்றி நாம் கேட்டோம். அவர் பேச்சைத் தொடங்கிய விதமே நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது. “எங்கத்தா சொல்லுவாக, அவுகளுக்கு அவுக மாமு சொன்னாக” என்று இரண்டு தலைமுறையைச் சாட்சிக்கு நிறுத்திவிட்டுத்தான் ஆலைக்குள் நுழைந்தார். அவ்வாலையின் சங்கு கிழக்கே குன்னூர் வரை கேட்குமாம். கொட்டை நீக்கிய பஞ்சைப் பொதியாக அழுத்திக் கட்டும்போது எழும் தூசு தெருவெல்லாம் படியுமாம். பருத்திக் கொட்டைக்கு மாட்டுக்காரர்கள் வரிசையில் நிற்பார்களாம்.

ஏட்டில் இல்லாத இத்தகைய செய்திகளை எவ்வாறு எடை போடுவது? இடிக்கப்பட்ட ஆலைகளைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றன. அவற்றுள் பலவற்றை நாம் ஆவலுடன் படித்தோம். படித்து முடித்ததும் ஏதோ ஒரு குறை நெஞ்சில் தங்கியது. எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே சங்குதான் ஊதுகிறது. ஒரே வாயிலில் ஒரே கூட்டம் நிற்கிறது. சம்பள நாளன்று கடைவீதி களைகட்டுகிறது. இறுதியில் புகைபோக்கி சரிகிறது, அடுக்குமாடி எழுகிறது, எழுத்தாளர் பெருமூச்சு விடுகிறார். ஊரின் பெயரை மாற்றிவிட்டால் அதே கட்டுரை மதுரைக்கும் பொருந்தும், கோயமுத்தூருக்கும் பொருந்தும். இது நினைவன்று, நினைவின் அச்சு.

இக்குறையை ஆராய்வதற்கு நம் ஊர் ஆலை போதாது. அதற்குப் பதிவேடு கிடையாது. தேனி-அல்லிநகரம் என்று நகராட்சியின் பெயரில் ஒரு சிறு கோட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் பழைய ஊர் நம்முடையது; அதன் ஆலைகளுக்கு வரலாறு எழுதுவார் யார்? ஆகவே, பதிவு மிகுந்த ஓர் ஆலையை எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்பதே முறை. சென்னைப் பெரம்பூர்ப் பகுதியின் பின்னி ஆலையைவிடப் பொருத்தமானது நமக்குத் தெரியவில்லை.

1876இல் பக்கிங்காம் ஆலையும் 1881இல் கர்நாடிக் ஆலையும் நிறுவப்பட்டன. 1920இல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. அங்கு நெய்த காக்கித் துணி பட்டாளத்தார் உடலில் ஏறி உலகம் சுற்றியது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள், இவ்வாலைத் தொழிலாளரை நடுவாகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி. பி. வாடியாவும் செல்வபதி செட்டியாரும் திரு. வி. க.வும் அதில் முன்நின்றனர். சங்கத் தலைவர்கள் மீது நிறுவனம் உயர்நீதிமன்றம் சென்று பெற்ற தடையாணை, 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பிறக்கத் தூண்டியவற்றுள் ஒன்று. 1996இல் ஆலை மூடப்பட்டது. அதன்பின் அவ்வெறுங்கூடங்களில் திரைப்படப் பிடிப்புகள் நடந்தன. நம் அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977இல் படப்பிடிப்பு நிலையத்தை விட்டுக் கேமராவைக் கிராமத்துத் தெருவுக்குக் கொண்டுபோனார். பிற்காலத்தில் திரையுலகமோ செத்த ஆலையொன்றையே படப்பிடிப்பு நிலையமாக்கிக்கொண்டது! பின்னர்க் கட்டடங்கள் இடிக்கப்பட்டு, நிலத்தின் பகுதிகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன.

இனி நம் சோதனைக்கு வருவோம். செய்தியைச் சோதிக்கும் கலையை வேறெவரிடமும் கடன் வாங்க வேண்டிய நிலையில் நம் சமுதாயம் இல்லை. இமாம் புகாரி போன்ற பெருமக்கள், ஒரு சொல் எவரிடமிருந்து எவருக்கு வந்தது என்னும் இஸ்னாத்தை முதலில் பார்த்தனர். அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய அஸ்மாவுர் ரிஜால் என்றொரு தனிக்கலையே வளர்ந்தது. பிறகு மத்ன் எனப்படும் வாசகமும் ஆராயப்பட்டது. ஹதீஸ் எங்கே, ஆலைக்கதை எங்கே என்று சில பெரியவர்கள் சினங்கொள்ளக்கூடும். இரண்டையும் நாம் ஒரு தட்டில் வைக்கவில்லை. தராசைப் பிடிக்கும் முறையை மட்டுமே கற்றுக்கொள்கிறோம். இப்னு கல்தூனும் 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில், முன்னோர் சொன்ன படைக் கணக்குகளை இத்தனை பேர் நிற்க இடமிருந்ததா, உண்ண உணவிருந்ததா என்று கேட்டே மறுத்தார். அவ்வாறு கேட்டால் நம் பெரியவரின் சங்கும் சோதனைக்கு உரியதே. ஆடி மாதத்து மேல்காற்றில் குன்னூருக்குக் கேட்டது என்றால் நம்பலாம். காற்றடங்கிய மார்கழியில் என்றால் சற்றுத் தயங்கவேண்டும். அரவை, பருத்தி வரத்துள்ள மாதங்களில் மட்டும் ஓடுவது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

பின்னி ஆலை நினைவுகளில் இஸ்னாத்துக்குக் குறைவில்லை. திரு. வி. க.வே தம் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ நூலை 1944இல் வெளியிட்டார். அழகிய தமிழும் நேர்மையும் ஒருங்கே வாய்ந்த சாட்சியம் அது. எனினும் அது மேடையில் நின்றவரின் சாட்சியம். தறியருகே நின்றவரின் சாட்சியம் அன்று. கண்பார்வை இழந்த ஆய்வாளர் தே. வீரராகவன் பல்லாண்டு உழைத்து எழுதிய சென்னைத் தொழிலாளர் வரலாறு, அவர் மறைவுக்குப் பின் 2013இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. ஏடுகளும் சான்றுகளும் இவ்வளவு இருந்தும், இன்றைய நினைவுக் கட்டுரைகள் ஓர் ஆண்டைக் கண்டதும் கால் பின்வாங்குகின்றன. அவ்வாண்டு 1921.

அவ்வாண்டின் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஒத்துழையாமையும் கிலாபத்தும் நாட்டை உலுக்கிய காலம். சாதி இந்துத் தொழிலாளரும் முஸ்லிம் தொழிலாளரும் பெரும்பாலும் வேலைநிறுத்தத்தில் நின்றனர். ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலும் ஆலைக்குச் சென்றனர். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. மோதல்களும் துப்பாக்கிச் சூடும் தொடர்ந்தன, உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. சட்டசபையில் ஆதிதிராவிடர் குரலாக விளங்கிய எம். சி. ராஜா, நீதிக்கட்சி தம் மக்களைக் கைவிட்டதெனக் கருதி 1923இல் அக்கட்சியை விட்டு விலகினார்.

கருங்காலிகள் என்று ஒரே சொல்லால் அம்மக்களை ஒதுக்கிவிடுவது எளிது. சங்கக் கூட்டத்தில் ‘தோழர்’ என்று அழைத்தவர், தெருவில் எட்ட நில் என்று சொன்னவராகவும் இருந்தால், அத்தோழமையை நம்பி ஒரு மாதக் கூலியை இழக்க யார் துணிவார்? இதைக் கேளாத நினைவுக் கட்டுரை, அதிலுள்ள ஒவ்வொரு செய்தியும் மெய்யாகவே இருந்தாலும், நம் தராசில் ளயீஃப்தான், பலவீனமானதுதான். அதன் அறிவிப்பாளர் பொய் சொல்லவில்லை. பாதி சொல்லி நிறுத்திவிட்டார்.

நம்மவர் எழுதும் பகுதியில் இக்குறை இன்னும் கூர்மையாகிறது. கிலாபத் காலத்து இந்து-முஸ்லிம் ஒற்றுமைக்குச் சான்றாக அவ்வேலைநிறுத்தத்தைச் சொல்லிப் பெருமை கொள்வோர் உண்டு. ஒற்றுமை இருந்தது மெய். அவ்வொற்றுமையின் எல்லைக்கோடு எரிந்த குடிசைகளின் வாசலில் நின்றது என்பதும் மெய். தமக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாய் நிற்கவேண்டும் என்று அன்னிஸா அத்தியாயத்தில் கட்டளை பெற்ற சமுதாயம், பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு புளியந்தோப்பை விட்டுச் செல்லலாகாது. இதைச் சொல்வது சில அன்பர்களுக்குக் கசக்கும் என்பதை அறிவோம். நாற்பது கட்டுரைகளில் சங்கொலி கேட்டுச் சலித்தபின் இக்கசப்பு வேண்டியே இருக்கிறது.

ஆனால் தராசு மட்டும் போதுமா என்னும் ஐயமும் நமக்குண்டு. இத்தாலியில் தெர்னி என்று ஓர் எஃகு ஆலை நகரம். 1949 மார்ச்சில், நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்த ஊர்வலத்தில் லூய்ஜி திராஸ்துல்லி என்னும் இளந்தொழிலாளி காவலரால் கொல்லப்பட்டார். அலெசாந்த்ரோ போர்த்தெல்லி என்னும் ஆய்வாளர் பிற்காலத்தில் அந்நகரத்தாரிடம் கேட்டபோது, பலர் அச்சாவை 1953இல் ஆலை ஆயிரக்கணக்கானோரை வேலை நீக்கம் செய்தபோது நடந்ததாகவே சொன்னார்கள். நம் பழைய அறிஞர் இதைக் கேட்டால், நினைவு தடுமாறியது, தள்ளுக என்பார். போர்த்தெல்லி தள்ளவில்லை, ஏன் தடுமாறியது என்று கேட்டார். தம் தோழரின் சாவுக்கு மேலும் பெரிய காரணம் ஒன்று வேண்டும் என்று அம்மக்கள் உள்ளம் விரும்பியதை அப்பிழையே காட்டிக்கொடுத்தது. பிழையைப் பிழையென்று குறித்துக்கொள்ளவும் வேண்டும், பின்னர் அப்பிழையின் உள்ளே புகுந்து பார்க்கவும் வேண்டும். நம் நினைவுக் கட்டுரையாளர் இரண்டையும் செய்வதில்லை. கேட்டதைக் கேட்டபடியே அழகுபடுத்திவிடுகின்றனர்.

இவ்வளவையும் எழுதியபின், நாம் மீண்டும் அப்பெரியவரிடம் போனோம். அவரிடம் முதல்முறை கேட்கத் தவறிய ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அவருடைய வரிசையில் அத்தா இருக்கிறார், மாமு இருக்கிறார். இருவருமே ஆலைக்கு வெளியே பருத்தி வியாபாரம் பார்த்தவர்கள். உள்ளே நின்ற ஒருவரும் இல்லை. அத்துடன், ஆலை இருந்தது இங்கே. சங்கு குன்னூரில் கேட்டது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

பெரியவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சற்று நேரம் யோசித்தார். “அங்கேருந்துதான பொம்பளையாளுக வேலைக்கு வருவாக. பஞ்சு பொறுக்குற வேலை. மொதச் சங்கு கேட்டாத்தான் வீட்ட விட்டுக் கெளம்புவாகளாம். ரெண்டாஞ் சங்குக்குள்ள வாசலுக்கு வந்து சேரணும்.”

அப்பெண்களுள் ஒருவர் பெயராவது தெரியுமா என்று கேட்டோம்.

“அத எங்கத்தா சொல்லலயே” என்றார்.