தருமிக்குப் பொற்கிழி: ஓர் ஆராய்ச்சி

வையையின் தென்கரைக்கண் விளங்கும் திருவாலவாயில், பொற்றாமரைக் கரையை வலம் வரும் அன்பர், தருமிக்குப் பொற்கிழி அளித்த திருவிளையாடலை நினைந்து உருகுவர். அதனைப் பரஞ்சோதி முனிவரது கற்பனையென ஒதுக்குவாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. அம்முனிவர்க்கு முன்னரே பெரும்பற்றப்புலியூர் நம்பி இதனைப் பாடியுள்ளார். அவர்க்கும் பன்னூறாண்டு முற்பட்டு, 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பரடிகள், திருப்புத்தூர்த் திருத்தாண்டகத்துள், இறைவன் புலவனாய்ச் சங்கமேறித் தருமிக்குக் கிழி அருளியதைப் போற்றியுள்ளார். ஆகலின், இச்செய்தி தேவாரக் காலத்தே வழங்கியதென்பது தெளிவு. எனினும், புராணத்துள் வரும் உரையாடல் முழுமைக்கும் இதுவே சான்றெனச் சாதித்தலும் முறையன்று. திருமுறை கூறுவது இவ்வளவே. எஞ்சியன பிற்காலப் புலவர் விரித்தன. இவ்வேறுபாட்டை உணர்ந்து, திருமுறையை முன்வைத்துப் புராணம் ஓதி ஆலவாயண்ணலை வழிபடுதலே சைவ நன்மக்கட்குக் கடனாம்.