பிஎம்டபிள்யூ 7 சீரிஸ்: பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கார்

ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து செடான் வாங்கும் இந்தியர் பெரும்பாலும் அதை ஓட்டுவதில்லை. டிரைவர் ஓட்டுவார், முதலாளி பின்னால் இடது பக்கம் உட்காருவார். ஆகவே இப்படிப்பட்ட காரை எடைபோட வேண்டிய இடமும் அதுதான். இன்ஜின் எத்தனை குதிரைத்திறன், 100 கி.மீ. வேகத்தை எத்தனை விநாடிகளில் தொடும் என்பதெல்லாம் பிறகு. கதவு எப்படித் திறக்கிறது, முழங்காலுக்கு எவ்வளவு இடம், ஏசியை யார் எங்கிருந்து குறைப்பது, கல்யாணத்துக்குப் போகும்போது பெட்டிகள் டிக்கியில் அடங்குமா? இந்தக் கேள்விகளுக்குத்தான் முதலில் பதில் வேண்டும்.

இப்போதைய 7 சீரிஸ் 2022 ஏப்ரலில் உலகுக்கு அறிமுகமானது. இந்தியாவுக்கு 2023 ஜனவரியில் வந்தது. பெட்ரோலில் ஓடும் 740ஐ, செங்கல்பட்டு மாவட்டத்தில் மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் இருக்கும் பிஎம்டபிள்யூ தொழிற்சாலையில் தயாராகிறது. 2007-ல் தொடங்கப்பட்ட தொழிற்சாலை அது. மின்சாரத்தில் ஓடும் ஐ7 முழு வண்டியாக இறக்குமதியாகிறது. அறிமுகத்தின்போது 740ஐ-யின் எக்ஸ்-ஷோரூம் விலை 1.70 கோடி, ஐ7-இன் விலை 1.95 கோடி.

ஏறுவதும் இறங்குவதும்

காரின் நீளம் 5,391 மி.மீ., அகலம் 1,950 மி.மீ., உயரம் 1,544 மி.மீ. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான வீல்பேஸ் 3,215 மி.மீ. நம் ஊரில் எல்லோரும் ஒருமுறையாவது ஏறியிருக்கும் இன்னோவா கிரிஸ்டாவின் வீல்பேஸ் 2,750 மி.மீ. மூன்று வரிசை சீட் கொண்ட அந்த வண்டியைவிட அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம் இங்கே அதிகம். அதில் பெரும்பகுதி பின் சீட்டில் உட்காருபவரின் காலுக்குப் போகிறது.

முந்தைய தலைமுறை 7 சீரிஸைவிட இது சுமார் 5 செ.மீ. உயரம். ஒரே உடலமைப்பில் பெட்ரோல், டீசல், மின்சாரம் மூன்றையும் கொடுக்கத் தீர்மானித்து, ஐ7-க்கான பேட்டரியைத் தரைக்கு அடியில் வைத்ததில் கூரையும் உயர வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு கார் கொஞ்சம் பருமனாகத் தெரியும். உள்ளே ஏறுபவருக்கோ இந்த உயரம் வரம். முட்டிவலி உள்ள அம்மாவோ, பட்டுப்புடவை கட்டிய பெண்ணோ, மடித்த வேட்டியோடு வரும் பெரியவரோ குனிந்து, முறுக்கி உள்ளே நுழைய வேண்டியதில்லை. தாழ்வான செடான்களில் இறங்கும்போது முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழும் சிரமமும் இங்கே குறைவு.

நான்கு கதவுகளையும் மோட்டார் திறந்து மூடும் வசதி இந்தக் காரில் கிடைக்கிறது. பின் சீட்டிலிருப்பவர் பட்டனை அழுத்தினால் கதவு தானாக விலகும். பக்கத்தில் சுவரோ, இன்னொரு காரோ, ஸ்கூட்டரோ இருந்தால் சென்சார் அதைக் கண்டு கதவைப் பாதியில் நிறுத்திவிடும். டிரைவர் பிரேக்கை மிதித்தால் அவர் பக்கக் கதவு மூடிக்கொள்ளும். அகலமான, கனமான கதவை எட்டி இழுக்க முடியாத முதியவர்களுக்கு இது உண்மையான உதவி. ஆனால் மெதுவாகத்தான் நகரும். மழையில் ஓடிவந்து ஏறும்போது அந்தச் சில விநாடிகள் நீளமாகத் தோன்றும். அப்போது கையாலேயே தள்ளி மூடிவிடலாம்.

சீட்டில் என்ன இருக்கிறது?

எக்ஸிகியூட்டிவ் லௌஞ்ச் வசதி உள்ள காரில், இடது பின் சீட்டின் ஒரு கட்டளைக்கு முன் இடது சீட் முன்னோக்கி நகர்ந்து சாய்கிறது. பின் சீட்டின் முதுகுப் பகுதி 42.5 டிகிரி வரை படுக்கிறது. கெண்டைக்காலைத் தாங்கும் பகுதி மேலெழும்பி வருகிறது. தலை, முதுகு, தொடை, கால் நான்கும் ஒரே நேரத்தில் தாங்கப்படுவதால் உடல் எங்கும் தொங்குவதில்லை. சென்னையிலிருந்து மதுரைக்குப் போய் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்ற நம்பிக்கையைத் தரும் சீட் இது.

மசாஜும் வென்டிலேஷனும் உண்டு. நம் வெயிலுக்கு மசாஜைவிட வென்டிலேஷனுக்குத்தான் மதிப்பு அதிகம். மதியம் வெட்டவெளியில் நின்ற காரின் லெதர் சீட்டில் உட்கார்ந்து முதுகு நனைந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

குறை ஒன்று உண்டு. சாய்ந்து படுக்கும் சுகம் இடது பின் சீட்டுக்கு மட்டுமே முழுதாகக் கிடைக்கிறது. அதற்கும் முன் சீட் காலியாக இருக்க வேண்டும். அங்கே உதவியாளரோ பாதுகாவலரோ உட்கார்ந்துவிட்டால் பின்னால் சாய்வு மட்டுமே மிச்சம், கால் நீட்டல் போய்விடும். நடுவில் தரையிலிருந்து எழும் மேடு பெரிது. மூன்றாவது ஆள் அதன் இருபுறமும் காலை வைத்துத்தான் உட்கார வேண்டும். ஆவணத்தில் ஐந்து பேர் போகும் கார், உண்மையில் நான்கு பேருக்கானது.

31.3 இன்ச் திரையின் கணக்கு

விளம்பரங்களில் எல்லாம் முதலில் வருவது கூரையிலிருந்து இறங்கும் தியேட்டர் ஸ்க்ரீன்தான். பட்டனைத் தொட்டால் பக்க, பின் கண்ணாடித் திரைகள் மூடிக்கொள்கின்றன, உள்விளக்கு மங்குகிறது, ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர் அமைத்த ஒலியோடு 31.3 இன்ச் திரை மடிப்பு விரிந்து முன்னால் வந்து நிற்கிறது. 8கே தெளிவு, அமேசான் ஃபயர் டிவி, வெளிக் கருவியை இணைக்க எச்டிஎம்ஐ. குழந்தைகள் கைதட்டுவார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். இந்தத் திரையின் விகிதம் 32:9. அதாவது அகலம் சுமார் 76 செ.மீ., உயரம் 21 செ.மீ.-க்குக் கொஞ்சம் அதிகம். கிரிக்கெட்டும் டிவி நிகழ்ச்சிகளும் 16:9 விகிதத்தில் வருபவை. அவற்றை முழுதாகக் காட்டினால் திரையில் சரிபாதி கறுப்பாகத்தான் இருக்கும். பார்க்கக் கிடைப்பது சுமார் 17 இன்ச், பெரிய லேப்டாப் அளவு. சினிமாஸ்கோப் படம் உயரம் முழுவதையும் நிரப்பினாலும் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். படத்தைப் பெரிதாக்கி நிரப்பலாம். அப்போது மேலும் கீழும் வெட்டுப்படும்.

திரை கண்ணுக்கு அருகில் நிற்பதும் எல்லோருக்கும் ஒத்துவராது. ஓடும் காரில் படித்தாலே தலைசுற்றும் ஆட்களுக்கு, வளைவு நிறைந்த ஏற்காடு சாலையில் இது வேண்டாத வேலை. டிரைவருக்கும் ஒரு சங்கடம்: திரை இறங்கியதும் உள்கண்ணாடி வழியாகப் பின்னால் வரும் வண்டி தெரியாது. பக்கக் கண்ணாடிகளையும் கேமராவையும் மட்டும் நம்ப வேண்டும். நம் நெடுஞ்சாலைகளில் இது சின்ன விஷயமல்ல.

மாறாக, ஒலி அமைப்பில் செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் காதில் விழுகிறது. பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனத்தின் 18 ஸ்பீக்கர் அமைப்பே பெரும்பாலானவர்களுக்குப் போதும். அதற்கு மேற்பட்ட டயமண்ட் அமைப்பில் 36 ஸ்பீக்கர்கள். தலைசாய்ப்பானுக்குள்ளும் ஸ்பீக்கர் உண்டு. சீட்டின் முதுகில் அதிர்வு தரும் கருவிகளும் உண்டு. தவில் அடியை முதுகில் உணரலாம்.

பட்டன்கள் எங்கே போயின?

பின் கதவுகளின் கைப்பிடிப் பகுதியில் 5.5 இன்ச் தொடுதிரை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. ஏசி, சீட், திரைச்சீலை, பாட்டு எல்லாம் அதில்தான். ஸ்மார்ட்போன் கையாளத் தெரிந்தவர் ஒரு நாளில் பழகிவிடுவார். ஆனால் இந்த சீட்டில் அதிகம் உட்காரப்போவது யார்? குளிர் தாங்காத எழுபது வயதுப் பெரியவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, மெனுவைத் தேடி, அம்புக்குறியைத் தொட்டு ஏசியைக் குறைக்க வேண்டியிருக்கிறது. வெப்பத்துக்கு மட்டுமாவது ஒரு திருகு வைத்திருக்கலாம்.

முன்பக்கத்திலும் இதே கதை. டிரைவருக்கு 12.3 இன்ச், நடுவில் 14.9 இன்ச் என இரண்டு திரைகள் ஒரே வளைவுக் கண்ணாடிக்குள். ஏசியின் காற்று வரும் துளைகள் கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டுள்ளன. டேஷ்போர்டு முழுக்க ஓடும் படிகம் போன்ற பட்டை இரவில் ஒளிரும்போது அழகாகத்தான் இருக்கிறது. அபாய விளக்கைப் போடுவதற்கான இடமும் அந்தத் தொடுபட்டையில்தான். அவசரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் உண்மையான பட்டன் இல்லாதது குறை. 2001-ல் 7 சீரிஸில்தான் முதன்முதலாக வந்த ஐடிரைவ் திருகு இன்னும் இருப்பது ஆறுதல். நாள் முழுக்க ஓட்டும் டிரைவர் சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல் பயன்படுத்த அதுவே வசதி.

சாலை, சந்து, பார்க்கிங்

இரண்டு அச்சுகளிலும் ஏர் சஸ்பென்ஷன் இருப்பதால் டிக்கியில் எடை ஏறினாலும் கார் பின்னால் தாழ்ந்து நிற்காது. சாலையின் ஒட்டுப்போட்ட பகுதிகளை இது பின் சீட்டுக்குத் தெரியாமல் கடந்துவிடுகிறது. வீல்பேஸ் நீளம் என்பதால் உயரமான ஸ்பீட் பிரேக்கரில் வயிறு தட்டும் என்ற பயம் நியாயமானது. பட்டனைத் தொட்டு காரை 20 மி.மீ. உயர்த்திக்கொள்ளலாம். கல்யாண மண்டபங்களின் செங்குத்தான சாய்தளங்களில் இது கைகொடுக்கும்.

பெரிய சிக்கல் பார்க்கிங்கில்தான். தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் ஒரு காருக்குக் கேட்கும் இடம் 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். 7 சீரிஸ் அதில் 39 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கோட்டுக்கு நடுவில் சரியாக நிறுத்தினாலும் இருபுறமும் 27 செ.மீ. அளவுக்குத்தான் மிச்சம். பக்கத்துக் காரும் அகலமாக இருந்தால் அந்தத் தானியங்கிக் கதவு கொஞ்சமாகத் திறந்து நின்றுவிடும். அடுக்ககத்தில் வசிப்பவர்கள் வாங்குவதற்கு முன் டேப்பை எடுத்துத் தங்கள் இடத்தை அளந்துவிடுவது நல்லது. முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டால், கடைசியாக வந்த 50 மீட்டர் பாதையை நினைவில் வைத்து அதே வழியில் பின்னோக்கி ஸ்டீயரிங்கைத் திருப்பித் தரும் வசதி உண்டு. வேகத்தை மட்டும் டிரைவர் பார்த்துக்கொண்டால் போதும்.

740ஐ-யின் டிக்கி 540 லிட்டர், ஐ7-இன் டிக்கி 500 லிட்டர். நான்கு பேரின் பயணப் பெட்டிகளுக்கு இரண்டுமே போதும். ஆனால் பின் சீட்டை மடித்து நீளமான பொருளை ஏற்றலாம் என்று எண்ண வேண்டாம்.

போட்டியாளர்

புனே அருகே சாக்கனில் தயாராகும் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸின் வீல்பேஸ் 3,216 மி.மீ., டிக்கி 550 லிட்டர். நீளமோ 5,289 மி.மீ.தான். கிட்டத்தட்ட அதே உள்ளிடத்தை 10 செ.மீ. குறைந்த காருக்குள் கொடுத்திருக்கிறார்கள். நெருக்கமான நகரத்துக்கு அது ஒரு படி மேல். ஏறும் உயரம், தானியங்கிக் கதவு, இசை ஆகியவற்றில் 7 சீரிஸ் முந்துகிறது.

தீர்ப்பு

பின் சீட், சஸ்பென்ஷன், கதவு, ஒலி ஆகிய நான்குக்காக 7 சீரிஸை வாங்கலாம். தியேட்டர் ஸ்க்ரீனுக்காக மட்டும் வாங்கினால் ஆறு மாதத்தில் அது கூரையிலேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம். ஊருக்குள் ஓட்டம் அதிகம், வீட்டில் சார்ஜர் வைக்க இடம் உண்டு என்றால் ஐ7-இன் அமைதி தனி ரகம். அடிக்கடி நெடுந்தூரம் போகும் குடும்பத்துக்கு, செங்கல்பட்டிலிருந்து வரும் 740ஐ கவலையில்லாத தேர்வு.

ஷோரூமுக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்களைப் பின் சீட்டில் ஏற்றி இறக்குங்கள், ஏசியை அவர்களே குறைக்கட்டும். பேட்டரி செயலிழந்தால் கதவை உள்ளிருந்து கையால் எப்படித் திறப்பது என்பதை விற்பனையாளரிடம் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.