மூச்சும் பாடும்

எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரையுள்ள கழிமுகக் கரைகளில் இருளர் பெண்கள் கையால் இறால் தடவிப் பிடிப்பார்கள். பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் சேற்றுக்குள் விட்டு மெல்ல நகர்வார்கள். விரலில் ஏதோ துள்ளியதுமே பிடித்தாக வேண்டும். மனம் வீட்டுக்குப் போனால் இறாலும் போய்விடும். மைண்ட்ஃபுல்னஸ் என்ற முழுக்கவனப் பயிற்சி கேட்பதெல்லாம் அந்த விரல்நுனியில் இருக்கிறது. நிம்மதியும் இருக்கிறதா?

பௌத்த தியான மரபிலிருந்து எடுத்து, ஜான் கபட்-ஜின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நோயாளிகளுக்காக வகுத்த பயிற்சி இது. எட்டு வாரம் நடக்கும். இதன் பலனைக் குறைத்து மதிப்பிட முடியாது. கடன் கணக்கு இரவெல்லாம் தலைக்குள் சுற்றும்போது, எண்ணத்தை எண்ணமாக மட்டும் பார்க்கப் பழகியவருக்குக் கொஞ்சம் தூக்கமாவது மிஞ்சும். ஆளுமையோடும் இதற்கு உறவு உண்டு. முந்தைய ஆய்வுகளை 2009இல் தொகுத்துப் பார்த்தார் ஆய்வாளர் கிலுக். முழுக்கவனம் மிகுந்தவர்களிடம் பதற்ற சுபாவம் குறைவாகவும் பொறுப்புணர்வு கூடுதலாகவும் தென்பட்டன.

சிக்கலும் இங்கேதான். பயிற்சி மனத்தை அமைதியாக்கியதா, அமைதியான சுபாவக்காரர்தான் அதிக மதிப்பெண் வாங்கினாரா? முழுக்கவனத்தை அளக்கப் பிரவுனும் ரையனும் 2003இல் தந்த 15 கேள்விப் பட்டியலில் தன்னைப் பற்றித் தானே சொல்லும் பதில்தான் அளவுகோல். பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2022இல் வந்தது: வழக்கமான வகுப்புகளைவிட முழுக்கவனப் பயிற்சி கூடுதலாக எதையும் தரவில்லை.

இதைவிடப் பெரிய குறை, கவலையின் வேரை ஆளுக்குள்ளேயே தேடுவது. பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடினால் கடல்நீர் உள்ளே வராது. இறால் வரத்தும் குறையும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக முடியாது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டம் வேறு. இவற்றை நினைத்துக் கலங்குபவருக்கு மனக்கோளாறு எதுவும் இல்லை. தண்ணீரைச் சரியாகப் படித்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஏரிக்கரை தனக்கென்று ஒரு மருந்து வைத்திருக்கிறது: பாடு முறை. மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்வது. இன்று வலை வெறுமையாக வந்தாலும், நல்ல இடம் தன் முறைக்கு வரும் என்று தெரியும். பொறாமைக்கும் அடிதடிக்கும் காரணம் குறைகிறது. ஒருவர் தனியாக மூச்சை எண்ணித் தணிக்க வேண்டிய பதற்றத்தில் பாதியை ஊரின் விதியே தணித்துவிடுகிறது.

ஆனால் பாடு முறைக்கும் வேலி உண்டு. மரபாக அது குறிப்பிட்ட சில ஊர்களின் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்து ஆண்களுக்கே உரியது. சேற்றில் கைவிட்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கு அதில் சீட்டு இல்லை. அவள் கவனத்தில் எந்தக் குறையும் இல்லை. ஏரிக்கரைக்கு மனநலம் பேச வருகிறவர்கள், மூச்சை இழுத்துவிடச் சொல்லும் முன், குலுக்கலில் யார் யாருக்குச் சீட்டு இருக்கிறது என்று கேட்டுவிட்டு வரட்டும்.