மன்னன் ஓடிய பின்: பாரதிதாசனின் ‘புரட்சிக்கவி’யில் உழைப்பும் உரிமையும்

பில்கணீயத்தின் தழுவலாகப் பாரதிதாசன் இயற்றிய ‘புரட்சிக்கவி’ (1937) கதைப்போக்கில் மூலத்தைப் பெரிதும் ஒட்டிச் செல்வது. இளவரசிக்கும் கவிஞனுக்கும் இடையே திரை. அவளுக்குத் தொழுநோய் என்றும் அவனுக்குப் பார்வையில்லை என்றும் சொல்லப்பட்ட பொய்கள். நிலவைப் பாடும்போது விலகும் திரை. முடிவில்தான் கதை திசைமாறுகிறது. வடமொழி மரபில் அரசன் மனமிரங்கி மகளை மணமுடித்துத் தருகிறான். பாரதிதாசனிடம் மன்னிப்பு இல்லை. உதாரன் பேசுகிறான், மக்கள் எழுகின்றனர், மன்னன் ஓடுகிறான். மன்னிப்பினால் பிழைத்திருந்தால், உயிரை எடுக்கவும் கொடுக்கவும் அரசனுக்கு உரிமை உண்டு என்பதைக் கவிதையே ஒப்புக்கொண்டிருக்கும்.

கொலைக்களப் பேச்சில் உதாரன் தன் காதலுக்கு நியாயம் கேட்பதோடு நிற்கவில்லை. பாழ்நிலத்தைத் திருத்தியவர், வாய்க்கால் வகுத்தவர், மலையைப் பிளந்து கருவி செய்தவர், கடலுள் மூச்சடக்கி முத்தெடுத்தவர் யாவர் என வினாக்களை அடுக்குகிறான். விடை எதிரே திரண்டு நிற்கிறது. மன்னனையே உலகின் உயிராகக் கண்ட மோசிகீரனாரின் பார்வை (புறம். 186) இங்கே தலைகீழாகிறது. குலமோ தெய்வமோ வாளோ அன்றி, ஆக்கிய கையே ஆளும் உரிமைக்குச் சான்றாகிறது. இதனைக் காதற் காவியம் என வகைப்படுத்தி அமைவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

நூல் வெளிவந்ததற்கு முந்தைய ஆண்டில், 1936 சூலை 30 அன்று, புதுச்சேரியில் போராடிய ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். அவ்வாட்சியின்கீழ்த் தமிழாசிரியராகப் பணியாற்றியவர் பாரதிதாசன். இந்நிகழ்வே கவிதையின் தூண்டல் எனச் சான்றின்றி நிறுவுதல் தகாது. ஆயினும் சுதந்திரம், சமத்துவம் என்பவற்றை முழக்கமாகக் கொண்ட ஒரு குடியரசு தன் குடியேற்றத்தில் அவ்வாறு நடந்துகொண்ட காலத்தில், உழைப்பிலிருந்து உரிமையைத் தருவிக்கும் கவிதை எழுந்தது என்பதைப் புறக்கணிப்பதும் தகாது.

உதாரனின் வினா முடியரசுக்கு மட்டும் உரியதன்று. தனித்தமிழ் இயக்க முன்னோடியின் பெயர் தாங்கிய மறைமலை நகரில், ஃபோர்டு கார் ஆலையின் உற்பத்தி 2022இல் நின்றது. கருவி செய்த கை யாருடையது என்ற கேள்வியை அங்கும் எழுப்பலாம். ஆனால் காவியத்தில் முடிவெடுப்பவன் ஓடிவிடக்கூடிய தொலைவில் இருக்கிறான். இங்கே முடிவு கடல் கடந்து வருகிறது. முகமுள்ள கொடுங்கோலனுக்கு எதிராக அமைந்த கற்பனையின் எல்லையை இவ்வேறுபாடு காட்டுகிறது.

வேறோர் எல்லை நூலுக்குள்ளேயே உள்ளது. மன்னன் ஓடியதும் செல்வமும் உரிமையும் நாட்டாருக்கு ஆகின்றன, சட்டம் பிறக்கிறது, நலிவு நீங்குகிறது. எழுச்சிக்கு விரிவாக இடமளித்த கவிஞர் புதிய ஒழுங்கைச் சில அடிகளில் முடித்துவிடுகிறார். சட்டத்தை யார் கூடி, எம்முறையில் வகுத்தனர் என்பது சொல்லப்படவில்லை. அமுதவல்லியின் நிலையில் இக்குறை கூர்மையாகத் தெரிகிறது. சாதியாலும் பணத்தாலும் உயர்வு பேசி உழைப்போரை இழிவுசெய்யும் கூட்டத்தை முதலில் சாடுபவள் அவளே. அவ்வெண்ணத்திற்காக இருவர் உயிரையும் ஈவோம் என்று பாவலனை அழைப்பவளும் அவளே. சோலையில் தனித்து ஒலித்த அக்கருத்து கொலைக்களத்தில் உதாரனின் குரலாகிறது. அங்கே அவன் சொற்களில் அமுதவல்லி காப்பாற்றப்பட வேண்டியவளாக வருகிறாள். புதிய நாட்டின் சட்டம் வகுத்தோரிடையே அவள் இருந்தாளா என்பதற்குக் காவியத்தில் குறிப்பில்லை.