காசுக்கடைக் கவிராயர்

'யாரோ இவர் யாரோ' பாட்டை இருபது வருஷமாகக் கேட்டு வருகிறேன். பைரவியில் யார் பாடினாலும் சொக்கிப் போவேன். சீதை ராமனைப் பார்த்துப் பாடுவதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போன மார்கழியில் ஒரு சாயங்காலம், என் பாட்டு டீச்சர் வீட்டு அலமாரியில் முதுகு பிய்ந்த பழைய 'இராம நாடகக் கீர்த்தனை' அகப்பட்டது. பாலகாண்டத்தைப் புரட்டினால், பாடுவது ராமன்!

"டீச்சர், இது ராமன் பாடறதா?"

"பின்னே? முன்னாடி இருக்கிற விருத்தத்தைப் படிச்சுட்டுப் பாட்டுக்கு வாடி."

படித்தேன். விசுவாமித்திரர் பின்னால் மிதிலைக்குள் நடந்து வரும் பையன். அண்ணாந்து பார்க்கிறான், கன்னிமாடத்தில் ஒருத்தி நிற்கிறாள். பெயர்கூடத் தெரியாது. பக்கத்தில் குரு, கூடவே தம்பி. யாரிடம் போய்க் கேட்பான்? டீச்சர் தம்பூராகூட இல்லாமல் பல்லவியை மெல்ல எடுத்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதுவரை ராகமாகவே கேட்ட பாட்டு, அன்று தெருவும் மாடமுமாகக் கண்ணுக்கு முன்னால் விரிந்தது. நாடகக்காரர் எழுதிய பாட்டு ஐயா இது! அன்று பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை.

அந்த நாடகத்தை எழுதிய சீர்காழி அருணாசலக் கவிராயர் 1711-இல் தில்லையாடியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தாய் தகப்பனை இழந்து, தருமபுரம் ஆதீனத்தில் தமிழ் படித்தார். அங்கேயே துறவியாக இருக்கச் சொன்னார்களாம். மாட்டேன் என்று வந்து கல்யாணம் செய்துகொண்டார். பிழைப்புக்கு வைத்தது காசுக்கடை. பகலில் பொன்னும் காசும் எண்ணிய கை, கம்பனை விடவே இல்லை.

சீர்காழிக்கு அவர் வந்து சேர்ந்த கதையைக் கேளுங்கள். கடை வியாபாரமாகப் புதுச்சேரிக்குப் போகிற வழியில் சீர்காழியில் ஒரு நண்பர் வீட்டில் இறங்கினார். நண்பர் ஒரு பள்ளுப் பிரபந்தத்தைத் தொடங்கி முடிக்காமல் வைத்திருந்தார். இவர் அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாராம். இப்படி ஒரு மனுஷனை எந்த ஊர் விடும்? சீர்காழியிலேயே குடிவைத்துவிட்டார்கள்.

அங்கேதான் ராம நாடகம் வளர்ந்தது. சட்டநாதபுரத்து மாணவர்கள் இருவர், வேங்கடராமையரும் கோதண்டராமையரும், பாட்டுகளுக்கு இசை அமைத்தார்கள். கம்பனைப் போலவே இவரும் திருவரங்கத்துக்குத்தான் அரங்கேற்றத்துக்குப் போனார். அரங்கனைப் பாடினால்தான் ஆயிற்று என்று கோயிலார் சொல்ல, பிறந்தது 'ஏன் பள்ளி கொண்டீரய்யா'. ஆயிரம் பேர் கும்பிட்டு நகர்கிற இடத்தில் இவர் மட்டும் பெருமாளிடம் கேள்வி கேட்கிறார்: ராமனாக அலைந்த அலைச்சலா, எந்தக் களைப்பில் இப்படிப் படுத்துவிட்டீர் என்று. ஸ்தோத்திரம் பாடச் சொன்ன இடத்திலும் ராமாயணத்தையே காட்சி காட்சியாக நடத்திவிட்டார். என் கணக்கில் இதற்கு ஈடான தமிழ்ப் பாட்டு இல்லை. பிறகு சென்னையில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் இவருக்குக் கனகாபிஷேகமே செய்தார் என்கிறார்கள். காசுக்கடைக்காரருக்குப் பொன்மழை!

கவிராயர் 1779-இல் மறைந்தபோது தியாகராஜருக்குப் பன்னிரண்டு வயது, தீட்சிதருக்கு நான்கு. அதற்குள் இவர் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கட்டி ஆறு காண்டத்தையும் பாடி முடித்திருந்தார். முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளையோடு இவரையும் சேர்த்துத் தமிழிசை மூவர் என்கிறோம். மூவருக்கும் சீர்காழியில் மணிமண்டபம் இருக்கிறது. போய் நின்றேன். வாய் தானாகப் பைரவியை முணுமுணுத்தது.

சபா நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கச்சேரியில் உதிரிப் பாட்டாக இவரைக் கேட்டது போதும். ஒரே ஒரு சாயங்காலம், பாலகாண்டம் முழுவதையும் விருத்தங்களோடு வரிசையாக மேடையேற்றுங்கள். முதல் டிக்கெட் எனக்கு.